குழாய்க்காரர் சொன்ன மறு பாதி

ஜம்புலிங்கத்துக்குத் தெரியாத அரசியல் கிடையாது என்றுதான் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அவர் பிளம்பர். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அரசுக் குடியிருப்புகளுக்குக் குழாய் போடும் வேலை ஒன்றுக்காக ஒன்பது வருடத்துக்கு முன்பு அந்தமானின் போர்ட் பிளேயர் வந்தார். வேலை முடிந்தது, அவர் திரும்பவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊரில் பிளம்பருக்கு வேலை ஓய்வதில்லை. டேங்க் வைப்பது, மோட்டார் மாட்டுவது, ஒழுகுவதை நிறுத்துவது என்று நாள் முழுக்க யார் வீட்டு மாடியிலாவது இருப்பார்.

சட்டைப் பையில் செல்போன் இருக்கும். காலை ஏழு மணியிலிருந்து அதில் அவருடைய கட்சிச் சேனல் ஓடிக்கொண்டிருக்கும். பைப்புக்குப் பசை தடவும்போதும் மரை ஏற்றும்போதும் சட்டைப் பைக்குள்ளிருந்து யாரோ ஒருவர் எதிர்க்கட்சியைத் திட்டிக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியைச் சொன்னாலும் போன தடவை ஜெயித்தவர் யார், எத்தனை ஓட்டு வித்தியாசம், அவருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் என்ன மனத்தாங்கல் என்று மூச்சு விடாமல் சொல்லுவார். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்களுக்கே அவ்வளவு தெரியாது.

அவருக்குச் சரியான எதிராளி ஜெய்னுதீன். அபர்தீன் பஜாரில் பைப்பும் சாமான்களும் விற்கிற கடை வைத்திருப்பவர். கீழக்கரைக்காரர், தீவுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. கடைச் சுவரில் இருக்கிற டிவியில் மற்ற கட்சியின் சேனல் ஓடும். ஜம்புலிங்கம் தினமும் காலையில் சாமான் வாங்க வருவார். எல்போ எத்தனை, டீ ஜாயின்ட் எத்தனை என்று சீட்டைக் கொடுத்த கையோடு சண்டை தொடங்கும். முந்தின நாள் சென்னையில் நடந்த ஒரே சம்பவத்தை இருவரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர் சொல்கிற கூட்டத்தில் ஒரு லட்சம் பேர் இருப்பார்கள், இவர் சொல்கிற கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிற ஜெய்னுதீனின் மனைவி ஜன்னத் பீவி, "சாமான எடுத்துக் குடுத்துட்டுப் பேசுங்க" என்று மட்டும் சொல்லுவார்.

ஒன்பதாம் வருடம் வந்த மக்களவைத் தேர்தலுக்கு முன்பு வரை ஜம்புலிங்கத்தின் ஓட்டு ஊரில்தான் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய்வருவார். ஒரு தடவை அப்படிப் போனபோது திரும்பிவரக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் சென்னையில் மைத்துனர் வீட்டில் பதினெட்டு நாள் கிடக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் மனைவி சந்திரமதி பொறுக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவர். லீவு அதிகமானால் அங்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"இருக்கது இங்கன, சம்பாதிக்கது இங்கன. ஓட்டு மட்டும் கடலத் தாண்டி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவரே ஃபாரம் வாங்கி நிரப்பி இருவர் பெயரையும் இங்கே மாற்றினார்.

ஓட்டுப் போடுகிற நாளன்று ஜம்புலிங்கம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார். விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குப் பின்னால் போய் இயந்திரத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். மறுபடி கீழிருந்து மேலாகப் பார்த்தார். அவருடைய சின்னம் இல்லை. அவர் கட்சி இந்தத் தீவில் ஆளே நிறுத்தவில்லை. அங்கிருந்த பெயர்களில் இரண்டைப் போஸ்டரில் பார்த்த ஞாபகம். மற்றவர்கள் யார், என்ன செய்கிறவர்கள், எதுவும் தெரியாது.

"அரே பாய், ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தி வெளியிலிருந்து குரல் வந்தது.

கண்ணுக்கு நேராக இருந்த பொத்தானை அழுத்தினார். பீப் என்று சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது.

வாசலில் ஜெய்னுதீன் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, மெஷின் ரிப்பேரா?"

"நம்ம சின்னத்தக் காணும் பாய்."

"இங்க எப்ப இருந்துச்சு? என் சின்னமும்தான் இருக்காது. நான் எத்தன தடவ போட்டிருக்கேன்."

"அப்ப நீங்க யாருக்குப் போடுவீங்க?"

ஜெய்னுதீன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மச்சான் ஒரு பேரு சொல்லுவாரு. அதுக்குப் போடுவேன்" என்றார்.

ஜம்புலிங்கம் அன்று வேலைக்குப் போகவில்லை. சட்டைப் பையிலிருந்த போனையும் அணைத்துவிட்டார். சாயங்காலம் சந்திரமதியிடம் சொன்னார்: "ஒம்பது வருசமா நான் படிச்சதெல்லாம் இப்ப எனக்கு ஓட்டு இல்லாத ஊரப் பத்தி. இந்த ஊரப் பத்திப் பரீட்ச வச்சா எனக்கு முட்ட மார்க்குதான்."

"அப்ப இனிமே படிங்க" என்றார் சந்திரமதி. அவர் பேசுவது எப்போதும் அவ்வளவுதான்.

ஜம்புலிங்கம் வெட்கப்பட்டு ஒடுங்குகிற ஆள் இல்லை. ஒரு வீட்டில் குழாய் தப்பாகப் போட்டுவிட்டால் மறுநாள் தானே போய்ப் பிடுங்கிச் சரி செய்துவிட்டு வருவார். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் அவர் குடியிருந்த மேட்டு வார்டில் இடைத்தேர்தல் வந்தது. வார்டின் பழைய நகராட்சி உறுப்பினர் வேலை கிடைத்து மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். இந்தத் தடவை விட்டுவிடக் கூடாது என்று ஜம்புலிங்கம் வார்டின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தார்.

வார்டில் இரண்டு குரூப்புகள் இருந்தன. 'நம்ம வார்டு' என்பது பழைய உறுப்பினரின் ஆட்கள் நடத்தியது. அவர்கள் வேட்பாளர் ஸ்ரீதர். 'வார்டு குரல்' எதிர்த்தரப்பினர் நடத்தியது. அவர்கள் வேட்பாளர் விஜயலட்சுமி. ஜம்புலிங்கத்தை முதலில் கூப்பிட்டவர்கள் 'நம்ம வார்டு'க்காரர்கள். ஜெய்னுதீனின் வீடும் அதே வார்டுதான். அவர் மச்சான் அவரை 'வார்டு குரல்' குரூப்பில் சேர்த்திருந்தார்.

வார்டு முழுக்க ஒரே பேச்சு தண்ணீர்தான். மேட்டுக்குப் புதிய பெரிய குழாய் ஒன்று வரவேண்டும். வந்தால் மூன்று நாளைக்கு ஒரு தடவை என்பது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும். வேலை தொடங்கிப் பாதியில் நின்று ஒரு வருடமாகிறது.

ஜம்புலிங்கம் இரண்டே வாரத்தில் பழைய ஜம்புலிங்கமாகிவிட்டார். சேனல் மட்டும்தான் மாறியிருந்தது. ஒரு காலையில் கடைக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார்.

"பாய், குழாய் ஏன் நின்னுச்சு தெரியுமா? மேல இருந்து பணமே வரல. அதோட இந்தச் சாமான் சப்ளை பண்றது யாரு? ஒங்க விஜயலட்சுமியோட மச்சான். பக்கா நியூஸ்."

"பணம் எப்பவோ வந்துருச்சு. ஒங்க ஆளுங்கதான் வேலைய நிறுத்தி வச்சிருக்காங்க, எலக்சனுக்கு முன்னால தொறந்து பேரு வாங்கலாம்னு. சாமான் வந்தப்ப கையெழுத்துப் போட்டு வாங்குனது யாரு? ஒங்க பழைய மெம்பர். போட்டோவே இருக்கு."

இருவரும் போனை நீட்டினார்கள். இவர் போனில் இவர் சொன்னது இருந்தது. அவர் போனில் அவர் சொன்னது இருந்தது. குரல் ஏறியது. சாமான் வாங்க வந்த ஒரு பெங்காலிக்காரர், "க்யா ஹுவா?" என்று இந்தியில் விஷயம் கேட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

ஜன்னத் பீவி பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு பேரும் குழாய்த் தொழில்தானே பாக்குறீங்க? குழாய் ரோட்டோரம்தானே கெடக்கு? போய்ப் பாத்துட்டு வந்து சண்ட போடுங்களேன்."

ஜெய்னுதீன் கடை முழுவதையும் மனைவியிடம் விட்டுவிட்டு ஜம்புலிங்கத்தின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார்.

மேட்டு வார்டின் பின்சரிவில் கறுப்புக் குழாய்கள் புல்லுக்குள் கிடந்தன. தினமும் அந்த வழியாகத்தான் ஜம்புலிங்கம் போகிறார். இறங்கிப் பார்த்ததில்லை. குனிந்து குழாயின் மேல் அச்சடித்திருந்த எழுத்தைத் துடைத்துப் படித்தார். எட்டு அங்குலம். தயாரித்த மாதமும் வருடமும் போட்டிருந்தது. பதினாறு மாதம் ஆகியிருந்தது.

"கடலத் தாண்டி இவ்வளவு பைப்பு பணம் வராமலா வரும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அங்கிருந்து நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். நோட்டீஸ் போர்டில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிய காகிதங்களுக்கு அடியில் மேட்டுக் குழாய் வேலையின் தாள் இருந்தது. பணம் வந்த தேதியும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்த தேதியும் அதில் தெளிவாக இருந்தன. ஒரு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.

"அண்ணாச்சி, பணம் வந்திருக்கு" என்றார் ஜெய்னுதீன். குரலில் வெற்றி தெரிந்தது.

"வந்திருக்கு. என் குரூப் சொன்னது பொய். சரி, அப்ப ஏன் நின்னுச்சு? அதையும் பாத்துருவோம்."

ஒப்பந்தக்காரரின் சாமான் கொட்டகை சௌல்தாரி கிராமத்தில் ஒரு பாக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. அங்கே காவலுக்கு இருந்த வெள்ளைச்சாமி ஜம்புலிங்கத்துக்குத் தெரிந்தவர், அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். காரணம் கேட்டதும் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீக? உள்ள வந்து பாருங்க."

உள்ளே மரப்பெட்டிகளில் வால்வுகள் அடுக்கியிருந்தன. ஜம்புலிங்கம் கையை விரித்து ஒரு வால்வின் வாயில் வைத்துப் பார்த்தார். அளவுநாடாவே தேவையில்லை. எல்லாம் ஆறு அங்குலம்.

"பைப்பு எட்டு, வால்வு ஆறு. எப்படிச் சேரும்? வந்த அன்னைக்கே நாங்க சொன்னோம். யாரும் திருப்பி எடுக்கல" என்றார் வெள்ளைச்சாமி. "வேலைய யாரும் தடுக்கவெல்லாம் இல்ல. தொடர முடியல, அவ்வளவுதான்."

பெட்டி மேல் சப்ளை செய்த கடையின் பெயர் இருந்தது. விஜயலட்சுமியின் மச்சான் கடை. உள்ளே தொங்கிய ரசீது நகலில் 'சரியாகப் பெற்றேன்' என்று பழைய உறுப்பினரின் கையெழுத்து இருந்தது.

திரும்பி வரும் வழியில் ஜெய்னுதீன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எங்க ஆளுங்களுக்கு சைஸ் தெரியாம இருக்குமா அண்ணாச்சி? அனுப்புனதே அவங்கதானே."

"எங்க ஆளுக்கு மட்டும்? வாங்கிக் கையெழுத்துப் போட்டவருல்ல." ஜம்புலிங்கம் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். "பாய், ஒங்களுக்குக் கையெழுத்து தெரியும், எனக்கு சப்ளை தெரியும். ரெண்டு பேரும் முட்டாளு இல்ல. பாதி பாதியா நல்லாத்தான் படிச்சிருக்கோம். எந்தப் பாதி அவங்கவங்களுக்கு வலிக்குமோ அத மட்டும் வெட்டிட்டு நமக்குக் குடுத்திருக்காங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் இரண்டு வேட்பாளர்களும் கலந்துகொள்ளும் கூட்டம் நடந்தது. ஜம்புலிங்கம் ஜெய்னுதீன் கடையிலிருந்து இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்துக்கொண்டு போனார். ஒன்று எட்டு அங்குலக் குழாய்க்கானது, மற்றது ஆறு அங்குலத்துக்கானது. கேள்வி நேரம் வந்ததும் எழுந்து நின்றார். தமிழ், பெங்காலி, தெலுங்கு எல்லாம் கலந்த கூட்டம் என்பதால் எல்லோருக்கும் புரிகிற இந்தியும் தமிழுமாகப் பேசினார்.

"ஸ்ரீதர் தம்பி, ஒங்க குரூப்ல பணம் வரலேன்னு போடுறீங்க. ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல வந்திருக்குன்னு இருக்கு. அந்த வால்வ சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு வாங்குனது ஒங்க ஆளு. ஆமாவா இல்லையா?"

ஸ்ரீதர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"விஜயலட்சுமி அம்மா, வேலைய அவங்க தடுத்தாங்கன்னு ஒங்க குரூப்ல போடுறீங்க. யாரும் தடுக்கல." இரண்டு வளையங்களையும் தூக்கி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். சின்னது பெரியதுக்குள் விழுந்து தொங்கியது. "தேகோ பாய், பைப்பு இது, வால்வு இது. ஃபிட் நஹி ஹோத்தா, சேராது. இத அனுப்புனது ஒங்க மச்சான் கடை. ஆமாவா இல்லையா?"

கூடத்தில் பின்வரிசையில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். முதலில் பதில் சொன்னது விஜயலட்சுமி. "அந்த சைஸ் விஷயம் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும். யார் ஜெயிச்சாலும் முதல் வேல அதுதான்" என்றார். ஸ்ரீதரும் வேறு வழியில்லாமல் அதையே சொன்னார்.

ஜம்புலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் போனைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

'நம்ம வார்டு' குரூப்பில் அவர் வீடியோ இருந்தது. அதில் அவர் விஜயலட்சுமியை மட்டும் கேட்கிறார். 'வார்டு குரல்' குரூப்பில் வந்ததை ஜெய்னுதீன் அனுப்பியிருந்தார். அதில் அவர் ஸ்ரீதரை மட்டும் கேட்கிறார். இரண்டிலும் கை தட்டல் மட்டும் முழுசாக இருந்தது.

அன்று அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பால்கடையில் ஒருவர், "சரியாக் கேட்டீங்க, அந்தம்மா வாயடச்சுப் போச்சு" என்றார். பத்தடி தள்ளி இன்னொருவர், "ஸ்ரீதர நல்லா மாட்டி விட்டீங்க" என்றார். கூட்டத்துக்கு வந்தவர்கள் நூற்றைம்பது பேர் இருக்கலாம். வீடியோ பார்த்தவர்கள் வார்டு முழுக்க.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று சந்திரமதி கேட்டார்.

"என்ன செய்வேன்? எல்லா வீட்டுக்கும் நான்தானே போறேன்."

அதைத்தான் செய்தார். ஓட்டுப்பதிவு வரை இருந்த பதினோரு நாளும் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், "கூட்டத்து வீடியோ பாத்தீங்களா? எதப் பாத்தீங்க?" என்று கேட்பார். அவர்கள் பார்த்தது எதுவோ அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லுவார். ஸ்ரீதர் ஆட்கள் வீட்டில் நோட்டீஸ் போர்டையும் கையெழுத்தையும் சொன்னார். விஜயலட்சுமி ஆட்கள் வீட்டில் மச்சான் கடையையும் வால்வு அளவையும் சொன்னார். தெரிந்த பாதிக்கு அவர் நேரம் செலவழிக்கவில்லை. ஜெய்னுதீனும் கடைக்கு வருகிறவர்களிடம் அதையே செய்தார். கடை டிவியை அந்த வாரம் அணைத்தே வைத்திருந்தார்.

எல்லோரும் நல்லபடியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முனியாண்டி 'நம்ம வார்டு' குரூப்பின் தீவிர ஆள். பாதி கேட்டதுமே, "எவ்வளவு வாங்கினீரு?" என்று கேட்டு வாசலைக் காட்டினார். மோட்டாரைக் கழற்றிய நிலையில் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள், தண்ணீர் வருகிற முறையன்று, அவரே போன் செய்தார்.

"வந்து மோட்டார மாட்டும். அரசியல் பேசாதேயும்."

"பேசல."

ஜம்புலிங்கம் போய் மாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது முனியாண்டியே பொறுக்காமல், "ஏன்வே, அந்த நோட்டீஸு இன்னும் அங்கன ஒட்டியிருக்கா?" என்றார்.

"இருக்கு. வலது பக்கம், கீழ இருந்து ரெண்டாவது."

முனியாண்டி போய்ப் பார்த்தாரா என்று ஜம்புலிங்கம் விசாரிக்கவில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில் அலுவலகத்துக்குப் போன ஜெய்னுதீன், போர்டின் முன்னால் நாலைந்து பேர் நின்று படித்துக்கொண்டிருந்ததாகவும், மேலே ஒட்டியிருந்த காகிதங்களை யாரோ ஒதுக்கி ஓரமாகக் குத்தி வைத்திருந்ததாகவும் சொன்னார்.

ஓட்டுப்பதிவன்று ஜம்புலிங்கத்துக்கு மறைப்புக்குப் பின்னால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து ஜெய்னுதீனின் கடைக்குப் போய் டீ குடிக்கும்போது அவரிடம் மறைக்காமல் சொன்னார்: "நான் விஜயலட்சுமிக்குப் போட்டேன். தப்ப மூடி வச்சவங்கதான், ஆனா கேட்டதும் முதல்ல ஒத்துக்கிட்டது அவங்க."

ஜெய்னுதீன் சிரித்தார். "நான் ஸ்ரீதருக்குப் போட்டேன் அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டது அந்தத் தம்பி இல்ல, பழைய ஆளு. அவங்க மச்சான் கடையில இனிமே சாமான் வாங்க மாட்டோம்னு அந்தம்மா எங்கயாவது சொன்னாங்களா?"

"அது நல்ல கேள்விதான். கூட்டத்துல கேக்காம விட்டுட்டேனே பாய்."

"ஒங்க மச்சான் சொன்ன ஆளுக்குப் போடலையா?" என்று ஜன்னத் பீவி கல்லாவிலிருந்து கேட்டார்.

"மச்சான் இப்ப என்கிட்ட கேட்டுட்டுப் போனாரு" என்றார் ஜெய்னுதீன்.

விஜயலட்சுமி அறுபத்திரண்டு ஓட்டில் ஜெயித்தார். வாழ்த்துச் சொல்லப் போனவர்களில் பாதிப் பேர் முதல் கேள்வியாக வால்வு எப்போது மாறும் என்று கேட்டார்களாம். ஆறு அங்குல வால்வுகள் அடுத்த கப்பலில் திரும்பிப் போயின. எட்டு அங்குல வால்வு வேறு கடையிலிருந்து வந்தது. பொருத்துகிற வேலைக்கு ஒப்பந்தக்காரர் உள்ளூர் ஆள் தேடியபோது வெள்ளைச்சாமி ஜம்புலிங்கத்தின் பெயரைச் சொன்னார். அவரும் போனார். முதல் வால்வை ஏற்றுவதற்கு முன்னால் அதன் வாயில் நாடாவை வைத்து அளந்து, சுற்றி நின்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

மழைக்காலம் முடிவதற்குள் மேட்டு வார்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரத் தொடங்கியது. சந்திரமதி பாத்திரங்களை எல்லாம் ஒரே நாளில் நிரப்பி வைப்பதை விட்டுவிட்டு, அடுக்களையில் அடைத்துக்கொண்டிருந்த பெரிய டிரம் ஒன்றைப் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டார்.